இருபத்து நான்கில் ஒரு பங்குப் பளபளப்பு: வாசகர் கேள்வி–பதில்

மாதிரிக் கார்களின் உடற்கூட்டுக்கு வண்ணம் பூசுவது, அதன்மேல் கிளியர் எனும் நிறமற்ற மேல்பூச்சை ஏற்றுவது, பிறகு மெருகேற்றுவது ஆகியவை குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: 1:24 அளவிலான இத்தாலியக் கார் ஒன்றுக்கு டாமியா நிறுவனத்தின் டிஎஸ்-8 ஸ்பிரே சிவப்பு அடித்து, அதன்மேல் டிஎஸ்-13 கிளியரை ஐந்து முறை அடித்தேன். பளபளப்பு இருக்கிறது. ஆனால் மேற்பரப்பு முழுவதும் ஆரஞ்சுப் பழத் தோல்போலப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. காம்பவுண்ட் எனும் மெருகுப் பசை போட்டு இரண்டு நாள் தேய்த்தும் போகவில்லை. எங்கே தவறினேன்? (கோவை வாசகர்)

பதில்: பளபளப்பு வேறு, மட்டம் வேறு. உங்கள் காருக்கு முதலாவது கிடைத்துவிட்டது, இரண்டாவது கிடைக்கவில்லை. காம்பவுண்ட் என்பது ஏற்கெனவே மட்டமாக இருக்கும் பரப்பிலுள்ள நுண்கீறல்களை எடுப்பதற்கு உரியது. மேடு பள்ளத்தை நிரவும் வலு அதற்கு இல்லை. மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்தே அது மினுக்கிவிடுவதால், நீங்கள் தேய்க்கத் தேய்க்கப் புள்ளிகள் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

டப்பாவிலிருந்து கிளம்பும் துளிகள் காரின்மேல் விழுந்து, ஒன்றோடொன்று கலந்து, தாமாகவே மட்டமாகப் பரவுவதற்குச் சிறிது நேரம் ஈரமாக இருந்தாக வேண்டும். வெகு தொலைவிலிருந்து அடித்தால் அவை வழியிலேயே பாதி காய்ந்து மணல்போல் வந்து ஒட்டும். உச்சி வெயிலில் மொட்டை மாடியில் அடித்தாலும் அதே கதைதான். டப்பா குளிர்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து துளிகள் பெரிதாகிவிடும். அடிப்பதற்கு முன் டப்பாவை வெதுவெதுப்பான நீரில், அதாவது கை பொறுக்கும் சூட்டில், ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்து, பிறகு நன்றாகக் குலுக்கி, ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து, தெளிப்பைக் காருக்கு வெளியே தொடங்கிக் காரைக் கடந்த பிறகே நிறுத்துங்கள். கொதிநீரும் அடுப்பும் டப்பாவின் அருகில் வரவே கூடாது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பகுதியில் வரும் பதில்கள் பெரும்பாலும் அதன்மேல்தான் நிற்கின்றன. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் நிஜக் காரின் மேல், பிரைமர் எனும் அடிப்பூச்சு முதல் கிளியர் வரை எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 120 மைக்ரான் கனம் இருக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதை 24-ஆல் வகுத்தால் கிடைப்பது 4 அல்லது 5 மைக்ரான். அவ்வளவு மெல்லிசாக நம்மில் யாராலும் அடிக்க முடியாது. நம் பூச்சு எளிதாக 80 மைக்ரானைத் தொட்டுவிடும். அதை 24-ஆல் பெருக்கிப் பார்த்தால், நிஜக் காரின்மேல் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குப் பெயின்ட்டை அப்பியதற்குச் சமம். கதவின் விளிம்புக் கோடுகள் தூர்ந்துபோவதும், பெயர்ப்பட்டையின் எழுத்துகள் மழுங்குவதும், கார் முழுவதையும் சர்க்கரைப் பாகில் முக்கி எடுத்ததுபோல் தோன்றுவதும் இதனால்தான். ‘இன்னும் ஒரு சுற்று அடித்தால் பளபளப்புக் கூடும்’ என்று கை நீளும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் மெருகேற்றுதல் என்பது பூச்சிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கும் வேலை என்பதால், எடுப்பதற்கு என்று சிறிது கிளியர் மேலே இருந்தும் ஆக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் இந்தக் கலையின் சிரமம். ஐந்து சுற்று என்பது உங்களுக்குப் போதுமானது. இனி அடிக்க வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது, முதலில் காரைத் தொடாமல் இருப்பது. டிஎஸ் வகை லாக்கர், அதாவது கரைப்பான் ஆவியாகி உலரும் பெயின்ட், அரை மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிடும். உள்ளே இறுகுவதற்குக் குறைந்தது ஒரு வாரம், கனமாக அடித்திருந்தால் இரண்டு வாரம் ஆகும். இதைச் சோதிக்க மூக்கை நம்பலாம். காரை ஒரு மூடிய டப்பாவில் ஓர் இரவு வைத்து, காலையில் திறந்து முகர்ந்து பாருங்கள். தின்னர் வாடை வந்தால் இன்னும் காயவில்லை. காயாத கிளியரைத் தேய்த்து மினுக்கினால், அன்றைக்குக் கண்ணாடிபோல் இருக்கும். மீதிக் கரைப்பான் வெளியேறிப் பூச்சு சுருங்கும்போது பழைய புள்ளிகள் மீண்டும் எட்டிப் பார்க்கும்.

காய்ந்த பிறகு, தேய்க்கத் தொடங்கும் முன், காரின் எல்லாக் கூர் விளிம்புகளிலும், அதாவது மட்கார்டு மடிப்பு, பானெட்டின் முதுகுக்கோடு, கதவின் ஓரம் ஆகியவற்றில், மெல்லிய மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிடுங்கள். பூச்சு விளிம்பில் நிற்காமல் இரு பக்கமும் வழிந்துவிடுவதால் கனம் குறைவாக இருப்பதும் அங்கேதான், கை அழுத்தம் முழுவதும் போய்ச் சேருவதும் அங்கேதான். பிறகு 2000 எண் வாட்டர் பேப்பரைப் பத்து நிமிடம் நீரில் ஊற வைத்து, அந்த நீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டு, தபால்தலை அளவுக்கு வெட்டிய துண்டை ஒரு ரப்பர் அழிப்பானில் சுற்றி, எடையே இல்லாமல் தேயுங்கள். பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை துடைத்துப் பாருங்கள். தேய்ந்த மேடுகள் மங்கலாகவும், இன்னும் எட்டாத பள்ளங்கள் மினுங்கும் குட்டிப் புள்ளிகளாகவும் தெரியும். அந்த மினுக்கல்கள் ஒவ்வொன்றாக மறைந்து பரப்பு முழுவதும் ஒரே சீரான மங்கலாக வரும் வரைதான் 2000-க்கு வேலை. அதற்கு மேல் ஒரு தேய்ப்புக்கூட வேண்டாம். அடுத்து 3000 எண் தாளில், முன்பு தேய்த்த திசைக்குக் குறுக்காகத் தேய்த்தால், பழைய கீறல்கள் போய்விட்டனவா என்பது கண்ணுக்குத் தெரியும்.

துணி ஒட்டிய மைக்ரோ-மெஷ் அட்டைகள் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவற்றின் மேலுள்ள எண்கள் கடையில் வாங்கும் தாளின் எண்களோடு பொருந்தாது. அந்தத் தொகுப்பின் 1500, சாதாரண 1500 தாளைவிட மிகவும் முரடானது. நீங்கள் 3200 அல்லது 3600-இல் தொடங்கினால் போதும்.

இதற்குப் பிறகுதான் காம்பவுண்ட். டாமியா மூன்று தரத்தில் விற்கிறது: முரடு, நுண்மை, இறுதி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மைக்ரோஃபைபர் துணி இருக்க வேண்டும். முரட்டுக் காம்பவுண்டின் ஒரு துகள் இறுதித் துணியில் ஏறிவிட்டால், அன்று மாலை முழுவதும் எங்கிருந்து கீறல் வருகிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். மோட்டார் பொருத்திய கருவிகள் வேண்டாம். உராய்வுச் சூட்டில் லாக்கர் இளகி இழுபட்டுவிடும். காரை டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்து, காரின் கூரையில் விழும் விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். பிம்பத்தின் இரு ஓரங்களும் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தால் துணியைக் கீழே வைத்துவிடலாம். கடைசியில் கோடுகளுக்குள் அடைந்திருக்கும் வெள்ளைப் பசையை, காய்ந்து கல்லாவதற்கு முன், மென்மையான பல்துலக்கியும் சோப்பு நீரும் கொண்டு கழுவிவிடுங்கள்.

கேள்வி: நவம்பர் மாதம் ஒரு மழை நாளில் கறுப்பு நிறக் காருக்குக் கிளியர் அடித்தேன். சில நிமிடங்களில் காரின்மேல் பால் தெளித்ததுபோல வெண்மை படர்ந்துவிட்டது. கார் வீணாகிவிட்டதா? (சென்னை வாசகர்)

பதில்: வீணாகவில்லை. லாக்கரில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது காரின் மேற்பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பரப்பு சட்டென்று குளிர்வதால், ஈரம் நிறைந்த காற்றிலுள்ள நீராவி அதன்மேல் பனித்து, காய்ந்துகொண்டிருக்கும் பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. நீங்கள் பார்த்த வெண்மை அதுதான். காரை இரண்டு நாள் உலரவிட்டு, வெயில் வந்த ஒரு நாளில் அதே கிளியரை மிக மெல்லிசாக ஒரு சுற்று அடித்தால், மேற்பரப்பு மறுபடியும் இளகிச் சிக்கிய ஈரத்தை விட்டுவிடும்; பெரும்பாலும் கறுப்பு திரும்ப வந்துவிடும். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் சிறு கருவி) வைத்திருப்பவர்கள் ரிடார்டர் கலந்த தின்னரை, மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் போன்றதை, பனிபோல் ஒரு முறை தூவினாலும் போதும். மெதுவாக ஆவியாகும் கரைப்பான் என்பதால் பரப்பு திடீரென்று குளிராது.

சென்னையில் காலை பத்து, பதினோரு மணிக்குமேல், கடற்காற்று ஏறுவதற்கு முன்னால் கிடைக்கும் இடைவெளி பூச்சு வேலைக்கு நல்லது. குளிர்சாதன அறையில் வைத்திருந்த காரை நேராக வெளியே கொண்டுவந்து அடிப்பவர்களும் இதே வெண்மையைக் காண்பார்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பதுபோல அந்தக் காரும் வியர்க்கும். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அடியுங்கள்.

கேள்வி: சிவப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த காருக்கு வெள்ளை அடித்தேன். மறுநாள் இளஞ்சிவப்பாகிவிட்டது. (தூத்துக்குடி வாசகி)

பதில்: பிளாஸ்டிக்கில் இருக்கும் சாயம் லாக்கரின் கரைப்பானில் கரைந்து மேலே ஊறி வந்திருக்கிறது. எத்தனை முறை வெள்ளை அடித்தாலும் அது ஊறிக்கொண்டேதான் இருக்கும். வெள்ளி நிற லாக்கரை ஒரு சீரான சுற்று அடித்து உலரவிடுங்கள். அலுமினியத் துகள்கள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து சாயத்தைத் தடுத்துவிடும். அதன்மேல் வெள்ளைப் பிரைமர், பிறகு வெள்ளை.

கேள்வி: எங்கள் ஊர்ப் பட்டறையில் நிஜக் காருக்கு அடிக்கும் டூ-கே கிளியர் சிறிய அளவிலும் கிடைக்கிறது. அதை அடித்தால் மெருகேற்றவே தேவையில்லை என்கிறார்கள். மாதிரிக் காருக்குப் பயன்படுத்தலாமா? (சேலம் வாசகர்)

பதில்: பயன்படுத்தலாம், பலர் பயன்படுத்துகிறார்கள், நான் பயன்படுத்துவதில்லை. காரணங்களைச் சொல்லிவிடுகிறேன், முடிவு உங்களுடையது.

லாக்கர் உலர்ந்து இறுகுகிறது. டூ-கே கிளியரோ, அதனுடன் கலக்கும் ஹார்ட்னருடன் வேதிவினை புரிந்து இறுகுகிறது. அதனால் அது மெதுவாக, மட்டமாகப் படிந்து, அடித்த மேனிக்கே கண்ணாடியாகும். ஓரிரு நாளில் தேய்க்கவும் முடியும். பெட்ரோல் பட்டாலும் அசையாது. இவ்வளவும் உண்மை. ஆனால் நிஜக் காரின் அகலத்துக்கு என்று செய்யப்பட்ட பொருள் கனமாகவே படியும். கைக்குள் அடங்கும் காரின் கதவுக்கோடுகள் ஒரே சுற்றில் பாதி நிரம்பிவிடும். நான் முன்பு சொன்ன சர்க்கரைப் பாகு தோற்றம் பெரும்பாலும் இந்தக் கார்களில்தான் இருக்கிறது. அடிப்பதாக இருந்தால் கோடுகளைப் பிரைமருக்கு முன்பே கீறி ஆழப்படுத்திக்கொண்டு, ஏர்பிரஷ்ஷில் நன்றாக இளக்கி, ஒரு மெல்லிய சுற்றும் ஒரு ஈரச் சுற்றும் என்று இரண்டோடு நிறுத்துங்கள்.

பெரிய காரணம் வேறு. ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். அது மூச்சுக்குள் போனால் சிலருக்கு நிரந்தர ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் உண்டாக்கும். ஒருமுறை அந்த ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவுகூட மூச்சை அடைத்துவிடும். இதற்கு வாடையும் பெரிதாக இல்லாததால், மூக்கு உங்களை எச்சரிக்காது. வெளிநாட்டுப் பட்டறைகளில் இதை அடிப்பவர்கள் குழாய் வழியே சுத்தமான காற்று வரும் முகமூடியை அணிகிறார்கள். நம் ஊரில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிப்பவர்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குள், குழந்தைகள் உள்ள இடத்தில், பால்கனியில்கூட இதை அடிக்க வேண்டாம். நம்பகமான பட்டறை ஒன்று தெரிந்தால், நிறம் பூசிய காரை அங்கே கொடுத்து, அவர்கள் வேறு வேலைக்குக் கிளியர் கலக்கும் நாளில் உங்கள் காருக்கும் ஒரு சுற்று அடித்துத் தரச் சொல்வது நல்ல வழி.

பட்டறையில் தரும் தின்னரைப் பற்றியும் ஒரு சொல். அது ஸ்டைரீன் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். பிரைமர் பூசாத காரில் அது பட்டால், மேற்பரப்பு வறண்ட ஏரிபோல் வெடித்துவிடும்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். அடுக்கக வீட்டின் பால்கனியில் ஸ்பிரே டப்பாவால் சின்னக் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறான். சாதாரணத் துணி முகமூடி போட்டுக்கொள்கிறான். இது போதுமா? (தாம்பரம், ஒரு தாய்)

பதில்: போதாதம்மா. துணி முகமூடி பெயின்ட் தூசியைக் கொஞ்சம் தடுக்கும். கரைப்பானின் ஆவி அதன் வழியே தாராளமாகப் போய்வரும். கரிம ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். அதை அணிந்தும் வாடை தெரியத் தொடங்கினால் கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டும். டப்பாவில் பெயின்ட்டைத் தள்ளும் வாயு தீப்பற்றக்கூடியது. எனவே அருகில் எரிவாயு அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது; பூஜை அறை பால்கனியை ஒட்டி இருக்கும் வீடுகளில் இது மறந்துபோகும். காற்று அதிகமில்லாத நேரத்தில் மொட்டை மாடியில் அடிப்பதே நல்லது. அடிப்பதற்கு முன் வாசல் தெளிப்பதுபோல் தரையில் கொஞ்சம் நீர் தெளித்துவிட்டால் தூசி கிளம்பாது. அடித்து முடித்த காரின்மேல் ஓர் அகலமான குண்டானைக் கவிழ்த்து, ஆவி வெளியேற விளிம்புக்கு அடியில் இரண்டு பென்சில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். குண்டானை அவன் திரும்பத் தருவானா என்பதற்கு நான் பொறுப்பல்ல.

கேள்வி: லான்சியா டெல்டா ராலி காரில் மார்ட்டினி நிறுவனத்தின் விளம்பரப் பட்டைகளுக்கான டிகால்களை (நீரில் ஊற வைத்து ஒட்டும் மெல்லிய படலங்களை) ஒட்டினேன். மேலே கிளியர் அடித்ததும் ஒரு பட்டை சுருங்கி வெடித்துவிட்டது. டிகாலின் ஓரமே தெரியாமல் கிளியருக்குள் புதைப்பது எப்படி? (மதுரை வாசகர்)

பதில்: டிகாலின் படலத்தையும் அதன் மையையும் லாக்கரின் கரைப்பான் இளக்கிவிடும். முதல் சுற்றையே ஈரமாக அடித்திருப்பீர்கள். டிகால் ஒட்டிய பிறகு, காய்ந்த பசையையும் மென்மையாக்கும் திரவத்தின் கறைகளையும் ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, இரண்டு நாள் உலரவிடுங்கள். பிறகு முதல் மூன்று சுற்றுகளைத் தொலைவிலிருந்து, பனி விழுந்ததுபோல, இருபது நிமிட இடைவெளிகளில் தூவுங்கள். அந்தச் சுற்றுகள் கரடுமுரடாகத் தெரிந்தாலும் கவலை வேண்டாம்; கரைப்பான் கீழே இறங்காமல் தடுக்கும் கூரையை அவைதான் கட்டுகின்றன. நான்காவதை மட்டும் ஈரமாக அடிக்கலாம். ஓரத்தின் படி தெரியாமலிருக்க, ஒரு வாரம் கழித்து 2000 தாளால் அந்த இடத்தை மட்டும் மெதுவாக நிரவி, இன்னொரு சுற்று அடிக்க வேண்டும். டிகாலின்மேல் தாள் பட்டுவிட்டால் நிறம் பறந்துவிடும் என்பதால், இதில் துணிச்சல் வேண்டாம்.

முற்றிலும் புதைத்தே ஆக வேண்டுமா என்றும் யோசியுங்கள். ராலிக் கார்களின் விளம்பர எழுத்துகள் பலவும் பெயின்ட்டுக்கு மேலே ஒட்டிய படலங்கள்தான். நிஜக் காரின் அருகில் நின்று பார்த்தால் அவற்றின் ஓரம் தெரியும். ஒரு மெல்லிய கிளியருக்கு அடியில் டிகாலின் ஓரம் நூலளவு தெரிவது எனக்குக் குறையாகப் படுவதில்லை.

கேள்வி: மாஸ்டாவின் ‘சோல் ரெட்’ போன்ற ஆழமான சிவப்பைக் கொண்டுவர, வெள்ளி அடித்து அதன்மேல் டிஎஸ்-74 கிளியர் ரெட் அடித்தேன். சில இடம் வெளிர், சில இடம் கருஞ்சிவப்பு. தேய்த்துச் சமப்படுத்தலாமா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: தேய்த்தால் இன்னும் மோசமாகும். ஒளி ஊடுருவும் சிவப்பில் நிறத்தின் அடர்த்தி என்பது கனத்தின் அளவு. ஒரு சுற்று அதிகம் விழுந்த இடம் கருக்கும், குறைந்த இடம் வெளிரும். தேய்த்தால் விளிம்புகளெல்லாம் வெள்ளி தெரியும். அந்த நிஜ நிறமும் இதே அமைப்புதான்: கீழே ஒளியைத் திருப்பும் அடுக்கு, நடுவே ஒளி ஊடுருவும் சிவப்பு, மேலே கிளியர். எனவே பம்பர், கண்ணாடிக் கூடு முதலான தனிப்பாகங்களையும் காருடன் ஒன்றாக வைத்து, எல்லாவற்றுக்கும் எண்ணி ஒரே எண்ணிக்கையில் சுற்றுகள் அடியுங்கள். முதலில் மூலைமுடுக்குகள், பிறகு அகன்ற பரப்புகள். எந்த உலோக நிறத்தையும் அதன்மேல் கிளியர் ஏற்றாமல் தேய்க்கக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததே. தாள் பட்ட துகள்கள் சாய்ந்தும் அறுந்தும்போய்ப் பரப்பில் திட்டுத் திட்டாகக் கருக்கும்.

வெள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதும் முன்பு சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். 20 மைக்ரான் அலுமினியத் துகள், 24 மடங்கில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் ஆகும். நிஜக் காருக்குக் கலந்த பெயின்ட்டை மாதிரிக் காருக்கு அடித்தால், நிறம் எவ்வளவு பொருந்தினாலும், சரிகை தூவிய பொம்மைபோல் இருப்பது இதனால்தான். மாதிரிகளுக்கு என்றே நுண்ணிய துகளோடு வரும் வெள்ளியை வாங்குங்கள்.

கேள்வி: மெருகேற்றும்போது கதவின் விளிம்பில் சிவப்பு போய்ச் சாம்பல் நிறப் பிரைமர் தெரிந்துவிட்டது. (திருநெல்வேலி வாசகர்)

பதில்: வருத்தம் புரிகிறது. இரவு பதினொரு மணிக்குமேல், ‘இன்னும் இரண்டே தேய்ப்பு’ என்று நானும் ஒரு மட்கார்டின் மடிப்பை இப்படிக் கெடுத்திருக்கிறேன். துணியில் கிளியரின் வெள்ளைக்குப் பதிலாக மெல்லிய சிவப்புக் கறை ஏறியதைப் பார்த்த பிறகும் கை நிற்கவில்லை. துணியில் நிறம் தெரிந்தால் கிளியர் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

உலோகத் துகள் கலக்காத திட வண்ணமாக இருந்து, தெரிவது தலைமுடி அளவுக் கோடாக இருந்தால், டப்பாவிலிருந்து சிறிது பெயின்ட்டை ஒரு மூடியில் தெளித்தெடுத்து, வாயு வெளியேறக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, நுனிக் கூரான தூரிகையால் விளிம்பின்மேல் மட்டும் இழுங்கள். அகலமாக இருந்தால், அந்தக் கதவை அதன் கோடுகளோடு மாஸ்கிங் டேப் ஒட்டிப் பிரித்து, கதவுக்கு மட்டும் நிறம் அடித்து, பிறகு காரின் ஒரு பக்கம் முழுவதற்கும் கிளியர் அடிக்கலாம். நடுப் பரப்பில் திட்டாக அடித்தால் ஒட்டுப்போட்டது தெரியும். முன்பே மெழுகு பூசியிருந்தால், சோப்பு நீரில் நன்றாகக் கழுவாமல் அடிக்காதீர்கள். மெழுகில் சிலிக்கோன் இருந்தால் புதிய பெயின்ட் மீன்கண்போல் வட்டம் வட்டமாக விலகி நிற்கும்.

கேள்வி: அடித்த பெயின்ட்டை முழுவதும் எடுக்க டெட்டால் பயன்படுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: எனாமலுக்கும் அக்ரிலிக்குக்கும் பயன்படும். ஓர் இரவு ஊற வைத்து, பல்துலக்கியால் டெட்டாலிலேயே தேய்த்து எடுத்த பிறகே நீரில் கழுவ வேண்டும். முதலிலேயே நீர் பட்டால் இளகிய பெயின்ட் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். டிஎஸ் போன்ற லாக்கருக்கு 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊற வைப்பது நல்லது. லாக்கர் தின்னரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பெயின்ட்டோடு காரும் போய்விடும்.

கேள்வி: உலோகத்தில் வார்த்த பழைய பொம்மை அம்பாசடர் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதை அரசாங்கக் கார்போல் வெள்ளையாக, கண்ணாடிப் பளபளப்பில் மாற்ற ஆசை. (காரைக்குடி வாசகர்)

பதில்: அடித்தகட்டின் ஆணித்தலைகளைத் துளையிட்டு எடுத்துக் காரைப் பிரித்துவிட்டு, வண்ணக் கடையில் கிடைக்கும் பெயின்ட் ரிமூவரால், கையுறை அணிந்து, பழைய நிறத்தை நீக்குங்கள். வெறும் உலோகத்தில் விரல் படாமல் கழுவி உலர்த்தி, உலோகத்துக்கான பிரைமரை அன்றே அடித்துவிட வேண்டும். அது இல்லாவிட்டால் மெருகேற்றும்போது பூச்சு செதிலாக உரியும்.

பளபளப்பைப் பற்றித்தான் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு. 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஓடிய அந்தத் தயாரிப்பின் பழைய வண்டிகள், அக்காலத்துத் திட வண்ணக் கார்களைப் போலவே, தனிக் கிளியர் இல்லாத ஒற்றைப் பூச்சு கொண்டவை. அதுவும் அரசு அலுவலக வாசலில் நின்ற வண்டி, ஒவ்வொரு காலையும் ஒரு வாளி நீரும் பழந்துணியும் கொண்டு ஓட்டுநர் துடைத்துத் துடைத்து, பானெட்டிலும் கூரையிலும் ஒரு மழுங்கிய மினுக்கம் ஏறியிருக்கும். சக்கரத்துக்கு மேலே அதுவும் இருக்காது. ஆகவே கிளியர் வேண்டாம். சுத்த வெள்ளையைவிடச் சற்றே பால் நிறம் கலந்த டிஎஸ்-7 ரேசிங் ஒயிட்டை மூன்று மெல்லிய சுற்று அடித்து, பத்து நாள் உலரவிட்டு, பானெட்டிலும் கூரையிலும் மட்டும் இறுதிக் காம்பவுண்டை ஒரு முறை இழுத்துவிட்டு, மற்ற இடங்களைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.